வினைச்சொற்களில் சிறுவர்கள் தடுமாறும்போது: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

குறிப்பேடுகளைத் திருத்தும்போது வினைச்சொற்பிழைகள் எல்லாம் ஒரே சிவப்பு மையால் சுழிக்கப்பட்டு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் "போடினேன்" என்று எழுதிய பிள்ளைக்கும், "பறவைகள் பறந்தது" என்று எழுதிய பிள்ளைக்கும், "படிச்சான்" என்று எழுதிய பிள்ளைக்கும் நேர்ந்திருக்கும் இடர் வேறு வேறானது. முதல் பிள்ளை ஒரு விதியைத் தானே கண்டுபிடித்து, அது செல்லாத இடத்துக்கும் அதை நீட்டியிருக்கிறது. இரண்டாவது பிள்ளை, தன் பேச்சில் இல்லாத ஒரு வேறுபாட்டை எழுத்தில் எதிர்கொள்கிறது. மூன்றாவது பிள்ளை காதில் விழுந்ததை உண்மையாக எழுதியிருக்கிறது. மூவரையும் முக்காலப் பட்டியலை மறுபடி ஒப்பிக்கச் சொன்னால் மூவருக்கும் பயன் இராது. ஆகவே திருத்துவதற்கு முன் பிழை எங்கே பிறந்தது என்பதைக் கண்டறிய வேண்டும்.

அதற்கு ஓர் எளிய சோதனை போதும். பிள்ளையிடம் வினையடியைச் சொல்லி, அந்தச் செயலைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு, செய்ததை வாயால் சொல்லச் சொல்லுங்கள். கடைசியாக, சொன்னதை எழுதச் சொல்லுங்கள். செய்து காட்டுவதிலேயே தயங்கினால் சொல்லின் பொருள் தெரியவில்லை. செய்துவிட்டுச் சொல்லத் தயங்கினால் வடிவம் தெரியவில்லை. சொல்லிவிட்டு எழுதுவதில் தவறினால், பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையில் உள்ள பாலம்தான் கட்டப்படவில்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனை, அடுத்த இரண்டு வாரத்துக்கு என்ன கற்பிக்க வேண்டும் என்பதைக் காட்டிவிடும்.

அறிகுறி: பெயர்ச்சொல்லை வினைச்சொல் என்று அடிக்கோடிடுகிறார்கள்

"ஓட்டம்", "விளையாட்டு", "வேலை", "சிரிப்பு" ஆகியவற்றை வினைச்சொல் என்று பிள்ளைகள் காட்டினால், குறை அவர்களிடம் இல்லை. நாம் கொடுத்த வரையறையில் இருக்கிறது. "செயலைக் குறிப்பது வினைச்சொல்" என்று சொல்லிக்கொடுத்திருப்போம். ஓட்டம் செயல்தானே என்று பிள்ளை நினைப்பது முற்றிலும் நியாயம்.

வினைச்சொல்லைத் தொல்காப்பியம் பொருளைக் கொண்டு மட்டும் வரையறுக்கவில்லை. அதன் நடத்தையைக் கொண்டு வரையறுக்கிறது. "வினையெனப் படுவது வேற்றுமை கொள்ளாது, நினையுங் காலைக் காலமொடு தோன்றும்" என்ற நூற்பாவில் இரண்டு சோதனைகள் இருக்கின்றன, இரண்டையுமே ஏழு வயதுப் பிள்ளை செய்து பார்க்கலாம். முதலாவது, சொல்லுக்குப் பின்னால் "ஐ" சேருமா என்று பார்ப்பது: "ஓட்டத்தைப் பார்த்தேன்" என்று சொல்ல முடிகிறது, "ஓடினானைப் பார்த்தேன்" என்று சொல்ல முடியவில்லை. இரண்டாவது, "நேற்று", "இப்போது", "நாளை" என்னும் மூன்று சொற்களையும் முன்னால் வைத்துப் பார்ப்பது: ஓடினான், ஓடுகிறான், ஓடுவான் என்று வினை தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும், ஓட்டமோ எந்த நாளிலும் ஓட்டமாகவே இருக்கும். இந்த இரண்டையும் கரும்பலகையின் ஓரத்தில் நிலையாக எழுதி வைத்துவிட்டால், வரையறையை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே எழாது.

"ஆடு", "படி", "மலர்", "கல்" போன்ற சொற்கள் இரண்டு பக்கமும் நிற்பவை. "ஆடு வந்தது" என்ற தொடரில் ஆட்டை வினை என்று ஒரு பிள்ளை அடிக்கோடிட்டால், அதே சோதனைகளைத் தொடருக்குள் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். தனிச்சொல்லாக எடுத்து ஆராயச் சொல்லாதீர்கள். "ஓடியவனை", "வந்தவரை" போன்ற வினையாலணையும் பெயர்களும், "இல்லை", "உண்டு", "வேண்டும்" போன்ற சொற்களும் இந்தச் சோதனையைக் குழப்பும் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பயிற்சித் தொடர்களில் இந்த வயதில் அவை வராமல் பார்த்துக்கொள்வதே நல்லது.

அறிகுறி: இறந்தகால வடிவத்தைப் பிழையாக அமைக்கிறார்கள்

எல்லாவற்றிலும் அடிக்கடி காணப்படுவதும், மிகத் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். நிகழ்காலமும் எதிர்காலமும் பெரும்பாலும் பிள்ளைகளுக்குத் தொல்லை தருவதில்லை; இறந்தகாலத்தில்தான் தமிழ் வினை பல வழிகளில் கிளைக்கிறது. வினையடிக்கும் ஈற்றுக்கும் நடுவில் நின்று காலம் காட்டும் உறுப்பு இடைநிலை; நன்னூல் இறந்தகால இடைநிலைகளாகத் த், ட், ற், இன் ஆகிய நான்கைச் சொல்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ஒழுங்கான வினைகளை அவை உருமாறும் முறையைக் கொண்டு 12 வாய்பாடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு வினைக்கும் அதன் வாய்பாட்டு எண்ணைக் கொடுக்கிறது. ஆசிரியருக்கே ஐயம் எழும் சொற்களுக்கு அந்த எண் கைகொடுக்கும். செய்தான், ஆண்டான், கொன்றான், அறிந்தான், ஆக்கினான், நட்டான், உண்டான், தின்றான், கேட்டான், கற்றான், தீர்த்தான், நடந்தான் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தால், ஒரு சிறு பிள்ளை எத்தனை கிளைகளில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது என்பது நமக்கே விளங்கும்.

ஒரு குறிப்பேட்டில் இந்த நான்கு வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: "நான் பாடினேன். நான் ஆடினேன். நான் பந்தைத் தேடினேன். நான் பந்தைப் போடினேன்." நான்காவது வரியை மட்டும் பார்த்தால் அது பிழை. நான்கையும் சேர்த்துப் பார்த்தால், நெடிலை அடுத்து "டு" வரும் வினை "இன்" பெறும் என்ற விதியை யாரும் சொல்லித்தராமலே அந்தப் பிள்ளை வடித்தெடுத்திருப்பது தெரியும். ஓடு, ஆடு, பாடு, தேடு, கூடு, மூடு எல்லாம் அப்படித்தான் நடக்கின்றன. வகுப்பில் புழங்கும் சொற்களில் "போடு" மட்டும் விலகி நிற்கிறது. அந்த இடத்தில் "தப்பு" என்று சுழித்துவிட்டால், பிள்ளை கைவிடுவது போடினேனை மட்டுமாக இராது. தானே கண்ட விதியின் மேல் உள்ள நம்பிக்கையையும் சேர்த்துக் கைவிட்டுவிடும். "பாடினேன், தேடினேன் என்று வருவதைப் பார்த்து எழுதியிருக்கிறாய், நல்லது. இந்த ஒரு சொல் மட்டும் போட்டேன் என்று வரும், சாப்பிட்டேன், விட்டேன், தொட்டேன் கூட்டத்தில் இதைச் சேர்த்துக்கொள்" என்று சொன்னால் விதியும் நிற்கும், விலக்கும் பதியும். திருத்தத்துக்குச் செலவிடும் அந்த அரை நிமிடம் வீணாகாது.

தீர்வு, வினைகளைப் பொருளால் கூட்டாமல் ஓசையால் கூட்டுவது. விலங்குகள் செய்வன, வீட்டில் செய்வன என்று பொருள்வாரியாகச் சொற்களைத் தொகுத்தால் ஒரே பாடத்தில் ஐந்தாறு வாய்பாடுகள் கலந்து வந்து பிள்ளையைத் திணறவைக்கும். மாறாக, "ங்கு" என்று முடியும் வினைகளில் தொடங்குங்கள்: தூங்கு, வாங்கு, தாங்கு, இறங்கு, தொடங்கு. இவற்றில் விலக்கு வருவதில்லை. எல்லாம் "இனான்" பெறும். அடுத்துக் "க்கு", "ட்டு" என்று முடிபவை: நீக்கினான், தட்டினான், காட்டினான். அதன்பின் "த்த" பெறுபவை, அதன்பின் "ந்த" பெறுபவை. ஒரு கூட்டம் வாயில் படிந்த பிறகே அடுத்த கூட்டத்தைத் திறக்க வேண்டும். எடு, கொடு, தடு ஆகியவை எடுத்தான், கொடுத்தான், தடுத்தான் என்று வருவதும், விடு, தொடு, நடு ஆகியவை விட்டான், தொட்டான், நட்டான் என்று வருவதும் பார்வைக்கு ஒரே அமைப்பாகத் தெரிவதால், இந்த இரண்டு கூட்டங்களையும் ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு கூட்டம் உண்மையிலேயே படிந்ததா, அல்லது தனித்தனிச் சொற்கள்தான் மனப்பாடம் ஆயினவா என்று அறிய, இல்லாத ஒரு சொல்லைக் கொடுத்துப் பார்க்கலாம். 1958இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் இட்டுக்கட்டிய சொற்களைக் கொடுத்து, அவற்றின் பன்மையையும் இறந்தகாலத்தையும் அவர்கள் எப்படி அமைக்கிறார்கள் என்று பார்த்தார். முன்பின் கேட்டறியாத சொற்களுக்கும் குழந்தைகள் விதிப்படி வடிவம் கொடுத்தார்கள். அதே முறையில், கையைத் தலைக்கு மேல் சுழற்றிக் காட்டி, "இதற்குக் கூங்குவது என்று பெயர். நேற்று அவன் என்ன செய்தான்?" என்று கேளுங்கள். "கூங்கினான்" என்று தயங்காமல் பதில் வந்தால், அந்தக் கூட்டத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

அறிகுறி: "கண்ணாடி உடைத்தது", "நான் கதவைத் திறந்தது" போன்ற தொடர்கள் வருகின்றன

இங்கே இரண்டு வேறு கோளாறுகள் கலந்திருக்கின்றன. இரண்டாவது தொடரில் வினையின் ஈறு மட்டும் பிழை; அதை அடுத்த பகுதியில் பார்க்கலாம். முதல் தொடரில், தானே நிகழ்வதற்கும் ஒருவர் நிகழ்த்துவதற்கும் உள்ள வேறுபாடு பிடிபடவில்லை. உடைந்தது, உடைத்தான், வளர்ந்தது, வளர்த்தாள், சேர்ந்தது, சேர்த்தான் என்று மெல்லின ஒலி வல்லினமாக மாறும்போது பொருளும் மாறுகிறது. திரும்பு, திருப்பு, மடங்கு, மடக்கு என்ற இணைகளிலும் இதே மாற்றம்தான். ஓடு, ஓட்டு, மாறு, மாற்று என்ற இணைகளில் வல்லினம் இரட்டிக்கிறது.

இதை விளக்கிச் சொல்வதைவிட மேசைமேல் காட்டுவது எளிது. சற்றே சாய்த்த மேசையில் ஒரு சுண்ணக்கட்டியை வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். அது தானாக நகர்ந்து கீழே வரும்போது வகுப்பு "உருண்டது" என்று சொல்லட்டும். பிறகு மேசையைச் சமமாக்கி, அதே கட்டியை விரலால் தள்ளுங்கள். இப்போது "உருட்டினீர்கள்" என்ற சொல் தேவைப்படும். விரலைக் கட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தி, "இப்போது எந்தச் சொல்?" என்று கேட்டால், எந்தப் பிள்ளை விரலைப் பார்க்கிறது, எந்தப் பிள்ளை கட்டியைப் பார்க்கிறது என்பதை அவர்கள் கண்களிலேயே காணலாம். விரலைப் பார்க்கும் பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது. தாளை மடக்கியும், அது தானே மடங்குமாறு விட்டும், கோலை உடைத்தும், இதையே தொடரலாம். தன்வினை, பிறவினை என்ற பெயர்களை இந்தக் கட்டத்தில் சொல்ல வேண்டியதில்லை. "தானாகவா, யாராவது செய்தார்களா" என்ற கேள்வியே போதும்.

அறிகுறி: எழுவாயும் வினையின் ஈறும் பொருந்தவில்லை

"பறவைகள் பறந்தது", "மரங்கள் விழுந்தது" என்பவை கவனக்குறைவால் வருபவை அல்ல. பேச்சுத்தமிழில் அஃறிணைக்கு ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே ஈறுதான் வழங்குகிறது. "பறவைங்க பறந்துச்சு" என்று பேசிப் பழகிய பிள்ளைக்குப் "பறந்தன" என்ற வடிவம் ஏறத்தாழ ஒரு புதுச் சொல். எனவே இதை மறந்துபோன விதியாக நினைவூட்டாமல், புதிய பாடமாகவே கற்பிக்க வேண்டும். ஒரு பறவை உள்ள அட்டையையும் பல பறவைகள் உள்ள அட்டையையும் மாற்றி மாற்றிக் காட்டி, "பறந்தது", "பறந்தன" என்று சொல்லவைப்பது போதுமான தொடக்கம்.

நிகழ்காலத்தில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. "பறக்கிறது" என்பதன் பன்மையைப் "பறக்கிறன" என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அதுவும் ஒரு வகையில் சரியான ஊகமே. ஆனால் பன்மையில் "கின்று" என்னும் இடைநிலைதான் வரும் என்பதால் "பறக்கின்றன" என்றாகிறது. எதிர்காலத்தில் "பறவை பறக்கும்", "பறவைகள் பறக்கும்" என்று இரண்டுக்கும் ஒரே வடிவம். இந்தச் சலுகையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் மகிழ்ந்து அதைப் பிடித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் "நாளை மழை பெய்வது" என்று எழுதுவார்கள்.

உயர்திணையில் வரும் பிழைகள் பெரும்பாலும் மரியாதை ஈற்றைச் சுற்றியே அமைகின்றன. "ஆசிரியர் வந்தார்", "ஆசிரியர்கள் வந்தார்கள்" என்பதை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பலருக்குத் தெளிந்துவிடும். "நான் திறந்தது" என்பதுபோல ஈறு முற்றிலும் பிசகினால், அந்தப் பிள்ளை வினையைப் பட்டியலில்தான் படித்திருக்கிறது, செய்பவரோடு சேர்த்துக் கேட்டதில்லை என்று பொருள். அதற்கு அடுத்த பகுதியில் உள்ள விளையாட்டே மருந்து.

அறிகுறி: கட்டளைக்கு உடனே எழுகிறார்கள், ஆனால் சொல்லச் சொன்னால் வாய் திறப்பதில்லை

ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர், 1960களில் தொடங்கி, கட்டளைக்கு உடலால் மறுமொழி தரவைத்து மொழி கற்பிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். தமிழுக்கு அந்த முறை மிகப் பொருத்தமானது, ஏனென்றால் தமிழில் ஒருவரை நோக்கிய ஏவல் வினையடியாகவே இருக்கிறது. "நட", "ஓடு", "குதி", "எழுது" என்று சொல்லும்போதே வினையடி பிள்ளையின் காதில் விழுந்துவிடுகிறது. "வா", "தா" என்னும் இரண்டு மட்டும் வருகிறான், தருகிறான் என்று உருமாறும்.

ஆனால் கட்டளையோடு நின்றுவிடும் வகுப்பில் பிள்ளைகள் நன்றாகக் கேட்பார்கள், குறைவாகப் பேசுவார்கள். ஆகவே விளையாட்டில் மூன்று பேரை நிறுத்துங்கள். முதல் பிள்ளை "குதி" என்கிறது. இரண்டாவது பிள்ளை குதித்தபடியே "குதிக்கிறேன்" என்கிறது. அது நின்றதும், மூன்றாவது பிள்ளை வகுப்பைப் பார்த்து "அவள் குதித்தாள்" என்கிறது. ஒரே செயலிலிருந்து வினையடி, தன்மை நிகழ்காலம், படர்க்கை இறந்தகாலம் ஆகிய மூன்றும் அவை இயல்பாகப் பிறக்கும் இடத்திலேயே பிறக்கின்றன. முதல் பிள்ளை கட்டளையிடுவதற்கு முன்பே "அவள் குதிப்பாள்" என்று ஊகித்துச் சொல்ல நான்காவது பிள்ளை ஒன்றைச் சேர்த்தால் எதிர்காலமும் வந்துவிடும். வாய் திறக்கத் தயங்கும் பிள்ளையை முதலில் கட்டளையிடும் இடத்தில் நிறுத்துங்கள். ஒற்றைச் சொல் சொன்னதும் மற்றவர்கள் எழுந்து செயல்படுவதைப் பார்க்கும் பிள்ளைக்குப் பேச்சின் வலிமை தெரிகிறது.

அறிகுறி: வாயால் சரியாகச் சொல்லிவிட்டு, எழுதும்போது பேச்சு வடிவத்தை எழுதுகிறார்கள்

"படிச்சான்", "சிரிச்சான்", "நனஞ்சது", "போறேன்", "வந்துட்டான்" ஆகியவை பிள்ளையின் வாய்மொழி வளத்தைக் காட்டுபவை. அவற்றைக் கொச்சை என்று இழித்துச் சொன்னால், வீட்டில் பேசுவதே தவறு என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும். பேச்சு வடிவத்திலிருந்து எழுத்து வடிவத்துக்குப் போகும் வழி ஒழுங்கானது. அந்த வழியைக் காட்டினால் போதும்.

வினையடி இ, ஐ, ய் ஆகியவற்றில் முடிந்தால், பேச்சில் "ச்ச" ஒலிக்கும் இடத்தில் எழுத்தில் "த்த" வரும். பேச்சில் "ஞ்ச" ஒலிக்கும் இடத்தில் எழுத்தில் பெரும்பாலும் "ந்த" வரும். படி, படித்தான், சிரி, சிரித்தான், நினை, நினைத்தான், நனை, நனைந்தது, காய், காய்ந்தது. நட, கொடு போன்ற சொற்களில் இந்த மாற்றமே நேர்வதில்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கவிடுங்கள், ஐந்தாறு இணைகளைப் பலகையில் எழுதிவிட்டு, "எந்தச் சொற்களில் ஒலி மாறவில்லை?" என்று கேட்டால் ஒருவராவது பிடித்துவிடுவார். "வந்துட்டான்" என்பதற்குள் "வந்து", "விட்டான்" என்று இரண்டு சொற்கள் ஒளிந்திருப்பதை மெதுவாகச் சொல்லிக்காட்டினால் "வந்துவிட்டான்" தானே எழுதப்படும். சற்றுப் பெரிய பிள்ளைகள் "செய்துக்கொண்டு" என்று எழுதுவது வேறு வகைப் பிழை. படித்துக்கொண்டு, ஓடிக்கொண்டு என்பவற்றில் வரும் "க்" செய்துகொண்டு, வந்துகொண்டு என்பவற்றில் வராது. இந்த வயதில் விதியைச் சொல்லாமல், சத்தமாகப் படிக்கவைத்துக் காதால் உணர்த்துவதே போதும்.

அறிகுறி: எதிர்மறையில் குழப்பம்

"நாளை நான் வரவில்லை", "மழை பெய்யமாட்டாது" என்பவை இதன் வழக்கமான வடிவங்கள். நடந்து முடிந்ததையோ நடந்துகொண்டிருப்பதையோ மறுக்க "வரவில்லை" போதும். அது எல்லா இடத்துக்கும் எண்ணுக்கும் மாறாமல் நிற்கும். இனி நடக்கப்போவதை மறுக்கும்போது உயர்திணைக்கு "வரமாட்டேன், வரமாட்டாள்" என்றும், அஃறிணைக்கு "வராது, பெய்யாது" என்றும் பிரியும். இந்த மூன்றையும் ஒரே நாளில் கற்பிக்காமல், "இல்லை" முதலில், "மாட்டேன்" பிறகு, "ஆது" கடைசியில் என்று தள்ளித் தள்ளி வைத்தால் பெரும்பாலான குழப்பம் வருவதே இல்லை.

அறிகுறி: தொடர் முழுவதும் வினைமுற்றுகளாகவே அடுக்குகிறார்கள்

"நான் எழுந்தேன். நான் பல் துலக்கினேன். நான் குளித்தேன். நான் புறப்பட்டேன்." இலக்கணப் பிழை ஏதும் இல்லாவிட்டாலும் தமிழ் இப்படி நடப்பதில்லை. கடைசி வினை தவிர மற்றவற்றைக் குறைத்து "எழுந்து, பல் துலக்கி, குளித்து, புறப்பட்டேன்" என்று கோத்துக் காட்டுங்கள். நான்கு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு வினை கொடுத்து, கடைசிப் பிள்ளைக்கு மட்டும் முற்றுப்புள்ளி அட்டையைக் கையில் கொடுத்தால், மற்ற மூவரின் வினை ஏன் முடியாமல் நிற்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். முற்றுப்புள்ளி அட்டையை இரண்டாவது பிள்ளைக்கு மாற்றினால் வரிசை எங்கே அறுகிறது என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

இது பழகியவுடன் அடுத்த பிழை தலைகாட்டும்: "மணி அடித்து நாங்கள் வெளியே ஓடினோம்." அடித்தது மணி, ஓடியது நாங்கள்; செய்பவர் மாறிவிட்டதால் இங்கே "மணி அடித்ததும்" என்று வர வேண்டும். "மழை பெய்து குளம் நிறைந்தது" என்ற தொடரில் மட்டும் செய்பவர் வேறாக இருந்தும் ஏன் சரியாக இருக்கிறது என்று கூர்மையான ஒரு பிள்ளை கேட்கக்கூடும். அங்கே முதல் நிகழ்ச்சி இரண்டாவதற்குக் காரணமாக இருப்பதால் தொடர் பொருந்துகிறது என்று சொல்லி, அந்தப் பிள்ளையையே இன்னொரு எடுத்துக்காட்டு தேடிவரச் சொல்லுங்கள்.